பகார்டி குடும்பமும் ரம்மும்: சாந்தியாகோ முதல் பெர்முடா வரை

1862 பிப்ரவரி 4 அன்று கியூபாவின் சாந்தியாகோ நகரத்தில் ஒரு சிறிய சாராய ஆலை 3,500 பெசோவுக்குக் கைமாறியது. விற்றவர் ஜான் நூனெஸ். வாங்கியவர்கள் ஃபகுண்டோ பகார்டியும் அவருடைய சகோதரர் ஹோசேயும். தகரக் கூரை, ஒரு வாலை (சாராயம் காய்ச்சி வடிக்கும் கலம்), ஊறல் போடச் சில தொட்டிகள், கூரை உத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பழந்தின்னி வௌவால்கள். சொத்து என்று பார்த்தால் அவ்வளவுதான்.

இன்று ஏழாம் தலைமுறை வரை வந்துவிட்ட அந்தக் குடும்பத்தின் கையில் அன்று வாங்கியதில் ஒரு ஆணிகூட இல்லை. 1960ல் கியூபா அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. ஆனால் பகார்டி இன்னமும் பங்குச்சந்தைக்கு வராத குடும்ப நிறுவனம், உலகின் மிகப் பெரிய மது நிறுவனங்களில் ஒன்று. ரம் ஆலையில் எது சொத்து, எது வெறும் தளவாடம் என்று தெரிந்துகொள்ள இந்தக் குடும்பத்தின் கணக்கைப் புரட்டினாலே போதும்.

ஃபகுண்டோ 1814ல் ஸ்பெயினின் கட்டலோனியாவில், சிட்ஜெஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1830ல் கியூபாவுக்குக் கப்பலேறினார். சாந்தியாகோவில் வியாபாரம் செய்து ஓரளவு காலூன்றிய நேரத்தில், 1852ல் நிலநடுக்கம் வந்து நகரத்தை உலுக்கியது. அதன் பின்னாலேயே காலரா. இரண்டு பிள்ளைகளைக் கொள்ளைநோய்க்குக் கொடுத்தார். 1855ல் கடையும் திவாலானது. சாராய ஆலையை வாங்கும்போது அவருக்கு 47 வயது. பணம் பெரும்பாலும் அவருடையதல்ல. ஹோசே லியோன் பூட்டெலியே என்ற பிரெஞ்சுக்காரரும் கூட்டுச் சேர்ந்தார். வாலையில் காய்ச்சும் நுணுக்கம் தெரிந்தவர் அவர்தான்.

அந்தக் காலத்து ரம் எப்படி இருந்தது என்று தெரியாமல் ஃபகுண்டோ செய்ததன் எடை புரியாது. சர்க்கரை ஆலையில் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுத்த பாகுதான் மொலாசஸ். அதைத் தண்ணீரில் கரைத்துத் திறந்த தொட்டியில் விட்டுவிடுவார்கள். காற்றில் வந்து விழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தங்கள் இஷ்டத்துக்குப் புளிக்கவைக்கும். பிறகு வாலையில் ஏற்றிக் காய்ச்சி, வந்ததை வந்தபடி விற்றுவிடுவார்கள். கடலோடிகளும் தோட்டக் கூலிகளும் குடிக்கும் சரக்கு அது. வசதியுள்ளவர்கள் ஸ்பெயினிலிருந்து வரும் ஒயினையும் பிராந்தியையும் நாடினார்கள். அந்த மேசையில் வைக்கக்கூடிய ஒரு ரம் வேண்டும் என்பதுதான் ஃபகுண்டோவின் கணக்கு. நெடி குறைய வேண்டும், தொண்டையைக் கிழிக்கக் கூடாது, போன மாதம் வாங்கிய புட்டியும் இந்த மாதம் வாங்கிய புட்டியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மூன்றில் கடைசியானதுதான் கஷ்டம்.

முதலில் பாகு. நல்ல மொலாசஸில் எடைக்குச் சுமார் பாதி சர்க்கரை இருக்கும். அந்தச் செறிவில் ஈஸ்ட் வாழாது, தன்னிடமுள்ள நீரையே இழந்து சுருங்கிவிடும். அதனால் சர்க்கரை 12 முதல் 15 சதவீதம் வரும்படி தண்ணீர் கலக்க வேண்டும். இன்றைய ஆலைகளில் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவை 4.5 முதல் 5க்குள் கொண்டுவரக் கொஞ்சம் கந்தக அமிலமும், ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் கிடைக்க அம்மோனியம் சல்பேட்டும் சேர்ப்பார்கள். மொலாசஸில் சர்க்கரை உண்டு, சாம்பல் சத்து உண்டு, ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும்படியான நைட்ரஜன்தான் போதாது. பாகிலுள்ள சுண்ணாம்பு கந்தக அமிலத்தோடு சேர்ந்தால் ஜிப்சமாகி, பின்னால் காய்ச்சும்போது வடிப்புக் கோபுரத்தின் தட்டுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பது தனித் தலைவலி. பாகைச் சேமிக்கும் தொட்டியும் வெயிலில் காயக் கூடாது. 45 டிகிரியைத் தாண்டினால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தங்களுக்குள் வினைபுரிய ஆரம்பிக்கும். நுரை பொங்கும், சூடு தானாகவே ஏறும், கடைசியில் புளிக்கவே புளிக்காத கரிய பசை மிஞ்சும்.

அடுத்தது ஈஸ்ட். சுற்றுவட்டாரக் கரும்பிலிருந்து ஒரு ஈஸ்ட் வகையை 1862லேயே ஃபகுண்டோ தனியே பிரித்தெடுத்தார், அதே வகைதான் இன்றுவரை வளர்க்கப்படுகிறது என்பது நிறுவனத்தின் வாக்கு. இதில் ஒரு சின்னத் திருத்தம் தேவை. ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்க்கும் முறையை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் ஹான்சன் நடைமுறைக்குக் கொண்டுவந்ததே 1883ல்தான். அதற்கு முன் ஃபகுண்டோவால் முடிந்திருக்கக்கூடியது, நன்றாகப் புளித்த தொட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்த தொட்டிக்கு உறையூற்றிக்கொண்டே போவது. அப்படிச் செய்தாலே போதும், ஒரே குணமுள்ள ஈஸ்ட் மெல்ல மேலோங்கிவிடும். காற்றை நம்பி ஊறல் போட்ட மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்த அது தாராளமாகப் போதும். தூய வளர்ப்பு பிற்பாடு சேர்ந்திருக்க வேண்டும்.

ஈஸ்ட் வேகமாக வேலை செய்வதில்தான் மென்மையான ரம்மின் சூட்சுமம் இருக்கிறது. ஜமைக்காவில் ஊறலை ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விட்டு, முந்தைய காய்ச்சலில் வாலையின் அடியில் நின்ற கசண்டையும் சேர்த்து, பாக்டீரியாவை வேண்டுமென்றே வேலை வாங்குவார்கள். அமிலங்கள் பெருகும், அவை ஆல்கஹாலோடு கூடி எஸ்டர்களாகும். அழுகிய அன்னாசியும் பெயின்ட்டும் கலந்த மாதிரி ஒரு கனத்த வாசனை வரும். அதற்கென்றே ரசிகர்கள் உண்டு. கியூப வழி இதற்கு நேர் எதிர். ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் ஊறலை முடித்துக் காய்ச்சப் போய்விட வேண்டும். பாக்டீரியா தலையெடுப்பதற்குள் சர்க்கரை தீர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிரி சூடு. சர்க்கரை ஆல்கஹாலாகும்போது வெப்பம் வெளிவரும். லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை உள்ள ஊறல், வெப்பம் எங்கும் வெளியேறாவிட்டால், கணக்குப்படி சுமார் 20 டிகிரி ஏறும். 28 டிகிரியில் ஆரம்பித்தால் 48. ஈஸ்ட் 36, 37லேயே திணற ஆரம்பிக்கும், 40ல் கையை விரித்துவிடும். சாந்தியாகோ மாதிரி வெப்பமான ஊரில், குளிர்நீர்ச் சுருள் இல்லாத காலத்தில், சிறிய தொட்டிகளே காப்பு. தொட்டி பெரிதாக ஆக, அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெப்பம் வெளியேறும் பரப்பு குறைந்துவிடும். ஈஸ்ட் பாதியில் நின்றுபோனால் மிச்சச் சர்க்கரையை லாக்டிக் பாக்டீரியா தின்னும். ஊறல் புளிப்பேறும், சாராய அளவு குறையும். வெண்ணெய் கெட்டுப்போன வாடை வந்தால் பியூட்டிரிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று பொருள். அந்தத் தொட்டியை மென்ரம்மாகக் காய்ச்ச நினைப்பது வீண்.

எல்லாம் சரியாக நடந்தால் ஊறலில் 7, 8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும். ஒரு டன் மொலாசஸில் 500 கிலோ சர்க்கரை என்று வைத்தால், வேதியியல் கணக்கு சுமார் 320 லிட்டர் சுத்த ஆல்கஹால் தரும். நடைமுறையில் 270 வந்தாலே ஆலைக்காரர் திருப்தியடைவார். மீதியை ஈஸ்ட் தன் உடம்பை வளர்க்கவும், கிளிசரின் முதலியவற்றை உண்டாக்கவும் எடுத்துக்கொள்ளும்.

காய்ச்சுவதில் ஃபகுண்டோவுக்குக் கிடைத்தது நூனெஸின் வாலை. ஒரு தடவை காய்ச்சினால் 25 சதவீதம் போல வரும். அதை மறுபடி காய்ச்சும்போது தலை, நடு, வால் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். தலையில் அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிட்டேட்டும் வரும். நகப்பூச்சு வாடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வாலில் வருவது அமைல் ஆல்கஹால் போன்ற கனத்த எண்ணெய்கள், ஈரத்துணி நாற்றம் அடிக்கும். மரணபயம் காட்டும் மெத்தனால் இந்தப் பக்கம் அதிகம் வராது. பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்து வருவது அது, மொலாசஸில் பெக்டின் கிட்டத்தட்ட இல்லை. வால் பகுதியைச் சீக்கிரம் வெட்டினால் சரக்கு நஷ்டம், தாமதமாக வெட்டினால் ரம்மில் தண்ணீர் கலக்கும்போது பால்போலக் கலங்கும். வாலை செம்பில் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஈஸ்ட் உண்டாக்கும் கந்தக நாற்றத்தைச் செம்பு தன்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உட்புறம் கறுத்துக்கொண்டே வரும், தேய்த்துச் சுத்தம் செய்யாவிட்டால் பிடிக்கும் சக்தி போய்விடும்.

பின்னாளில் தட்டுகள் அடுக்கிய வடிப்புக் கோபுரங்கள் வந்தபோதுதான் கியூப முறை முழு உருவம் பெற்றது. இரண்டு விதமான சாராயத்தைத் தனித்தனியே எடுப்பார்கள். ஒன்று அகுவார்தியெந்தே, சுமார் 75 சதவீதத்தில் இறங்குவது, வாசனையும் கனமும் உள்ளது. இன்னொன்று மறுவடிப்பு, 90க்கு மேல் போய்க் கிட்டத்தட்டச் சுத்தமாக வருவது. முன்னது பீப்பாயில் ஊறிப் பக்குவப்பட வேண்டும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலக்கிறார்கள் என்பதுதான் ஒவ்வொரு ரம்மின் முகம். முழுக்க அகுவார்தியெந்தே என்றால் நெடி தூக்கும். முழுக்க மறுவடிப்பு என்றால் ஓட்காவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஃபகுண்டோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது கரி. மரக்கரி வழியாகச் சாராயத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால், கரியின் நுண்துளைகள் கனத்த மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேட்க எளிது, செய்யும்போது மூன்று இடத்தில் சறுக்கும். கரித் துண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் சாராயம் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்து அதிலேயே ஓடிவிடும், மற்ற கரி சும்மா கிடக்கும். ரொம்ப மெதுவாக விட்டால் கெட்டதோடு நல்ல வாசனையும் போய்விடும். கரி நிறைந்துபோன பிறகும் மாற்றாமல் ஓட்டினால், பிடித்து வைத்ததையே திருப்பி விட ஆரம்பிக்கும். பகார்டி வெள்ளை ரம் நிறமில்லாமல் இருப்பதற்கும் இந்தக் கரிதான் காரணம். அது பீப்பாயில் கிடந்து நிறம் ஏறிய ரம்தான், அதன்பின் கரியில் இறக்கி நிறத்தை எடுத்துவிடுவார்கள். வெள்ளை என்றால் பீப்பாயையே பார்க்காதது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது தவறு.

பீப்பாய் அமெரிக்க வெள்ளை ஓக், சுமார் 200 லிட்டர். பீப்பாயில் போடுவது என்றாலே கொஞ்சம் காற்றுக்குக் கொடுப்பதுதான். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் ஆவியாகும் இடத்தில், கரீபியன் வெப்பத்தில் 6, 7 சதவீதம் போகும். 7 என்று வைத்துக் கணக்குப் போட்டால் 200 லிட்டர், மூன்று ஆண்டில் 161, எட்டு ஆண்டில் 112, பன்னிரண்டு ஆண்டில் 84. வெப்பமண்டலத்தில் பன்னிரண்டு ஆண்டு ரம் ஏன் அந்த விலை என்பதற்கு விளம்பர வாசகம் எதுவும் தேவையில்லை, இந்தக் கழித்தல் போதும். காலிப் பீப்பாயை அப்படியே போட்டுவைக்கவும் கூடாது. பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விடும், மறுபடி நிரப்பும்போது ஒழுகும்.

வௌவால் கதைக்கு வருவோம். உத்திரத்தில் தொங்கிய வௌவால்களைப் பார்த்து அதையே அடையாளமாக வைக்கச் சொன்னவர் ஃபகுண்டோவின் மனைவி அமாலியா என்பது குடும்ப வழக்கு. கட்டலோனியாவில் வௌவால் நல்ல சகுனம். கதை எப்படியிருந்தாலும் முடிவு வியாபார ரீதியில் கெட்டிக்காரத்தனமானது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரில், வௌவால் போட்ட ரம் என்று கேட்டு வாங்க முடிந்தது. படத்தைப் பதிவு செய்யலாம், போலிக்காரனை அடையாளம் காட்டலாம். ரம்மை மொத்தமாகப் பீப்பாயில் விற்றுவிட்டு யார் பெயரில் போனாலும் சரி என்றிருந்த காலத்தில் இது புதுப் பழக்கம்.

1874ல் பங்காளிகள் விலகினார்கள், நிறுவனம் ஃபகுண்டோவுக்கும் மகன்களுக்கும் என்றானது. 1876ல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் தங்கப் பதக்கம். மகன்களில் எமிலியோ நிர்வாகத்தையும், ஃபகுண்டோ இளையவர் சரக்கின் தரத்தையும் பார்த்துக்கொண்டார்கள். எமிலியோ வெறும் ஆலைக்காரர் அல்ல. ஸ்பெயினிடமிருந்து கியூபா விடுதலை பெறப் பாடுபட்டவர், அதற்காக நாடுகடத்தப்பட்டு வட ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள சாஃபரினாஸ் தீவுகளில் சிறை இருந்தவர். 1890களின் போரிலும் மறுபடி சிறை. ஸ்பெயின் வெளியேறிய பின் சாந்தியாகோவின் மேயரானார். நிறுவனம் அரச குடும்பத்துக்கு ரம் அனுப்பும் அங்கீகாரம் வைத்திருந்த அதே சமயத்தில் அதன் தலைவர் அரசுக்கு எதிராகச் சிறையில் இருந்தார் என்பது அந்த வீட்டின் விசித்திரம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பகார்டியை உலக நிறுவனமாக்கியவர்களில் முக்கியமான இருவர் பகார்டி பெயர் தாங்கியவர்கள் அல்ல, மாப்பிள்ளைகள். ஃபகுண்டோவின் மகள் அமாலியாவை மணந்த என்ரிக்கே ஷூவெக், எமிலியோ மறைந்த 1922 முதல் 1950ல் தான் இறக்கும்வரை தலைமை வகித்தார். அவருடைய மகள் என்ரிக்கேத்தாவை மணந்தவர் ஹோசே போஷ். எல்லோரும் பெப்பின் என்பார்கள். குடும்பத் தொழிலில் மகன்களுக்குத்தான் பட்டம் என்று பிடிவாதமாக நின்றிருந்தால் இந்த வரலாறு 1930களிலேயே முடிந்திருக்கும்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அமெரிக்கர்கள் குடிக்கவே ஹவானாவுக்கு வந்தார்கள். அவர்களை வரவேற்க 1930ல் அங்கே எழுந்த பகார்டி மாளிகை இன்றும் நகரத்தின் அழகான கட்டடங்களில் ஒன்று. விலக்கு நீங்கியதும் சந்தை திறந்தது, கூடவே சுங்கவரியும் வந்தது. கியூபா அந்நிய நாடு, அங்கிருந்து வரும் ரம்முக்கு இறக்குமதி வரி உண்டு. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்க ஆட்சிப்பகுதி, அங்கே காய்ச்சினால் அந்த வரி இல்லை. 1936ல் சான் ஹுவானில் ஆலை திறக்கப்பட்டதன் காரணம் இவ்வளவுதான். மெக்சிகோவில் 1931லேயே கிளை இருந்தது. அது நொண்டிக்கொண்டிருந்ததால் ஷூவெக் மருமகன் போஷை அனுப்பினார், அவர் நிமிர்த்திக் காட்டினார்.

வேறு ஊரில் அதே ரம்மைக் காய்ச்ச முடியுமா? தண்ணீர் வேறு, பாகு வேறு, காற்றின் ஈரப்பதம் வேறு. ஈஸ்ட்டைக் கொண்டுபோகலாம், காய்ச்சும் முறையைக் கொண்டுபோகலாம், மற்றதை ருசி பார்த்துத்தான் சரிக்கட்ட வேண்டும். ஆள் நாக்கில் இருக்கும் அளவுகோல் தவறினால் ஆலை ஆலைக்கு ரம் மாறிவிடும். மாறாத ருசி வேண்டும் என்று மூத்த ஃபகுண்டோ போட்ட நிபந்தனையின் பலன் இங்கேதான் தெரிந்தது. ஒரு குறிப்பிட்ட மண்ணின் மணம் என்று விற்றிருந்தால் வெளியூரில் ஆலை போட்டிருக்கவே முடியாது. முறையை விற்றதால் முறை போன இடமெல்லாம் ரம்மும் போனது.

போர்ட்டோ ரிக்கோவில் உள்ளூர் ஆலைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வெளியூர்ப் பெயரில் அங்கே மது தயாரிக்கக் கூடாது என்று 1936ல் சட்டம் போட்டார்கள். பகார்டிக்காகவே தைத்த சட்டை மாதிரி இருந்தது அது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1929ன் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வணிகச்சின்ன உடன்படிக்கையின் அடிப்படையில் 1940ல் பகார்டி ஜெயித்தது. அதற்கு முன் 1936ல் நியூயார்க்கில் இன்னொரு வழக்கு: பகார்டி காக்டெயில் என்று கேட்டால் வேறு ரம் ஊற்றிக் கொடுக்கலாமா? கூடாது என்றது நீதிமன்றம். ரம் காய்ச்சும் குடும்பம் இவ்வளவு நேரத்தை வழக்கறிஞர்களோடு செலவிடுவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1960 வந்தபோது சிரிக்க ஒன்றுமில்லை.

போஷ் 1950களின் தொடக்கத்தில் தலைமைக்கு வந்தார். அதற்குச் சற்று முன் கியூபாவின் நிதியமைச்சராக இருந்தவர். அப்போது கியூபாவை ஆண்ட பட்டிஸ்டாவின் சர்வாதிகாரத்தை வெறுத்தார். குடும்பத்தில் பலர் ஃபிடல் காஸ்ட்ரோவின் கிளர்ச்சிக்கு உதவினார்கள். 1959ல் புரட்சி வென்றபோது ஹவானா பகார்டி மாளிகையில் ஃபிடலுக்கு நன்றி சொல்லிப் பதாகை தொங்கியது. அப்படியிருந்தும் போஷ் ஒரு வேலையை முன்கூட்டியே முடித்திருந்தார். புரட்சிக்கு முன்பே, பட்டிஸ்டாவை நம்பாமல், வணிகச்சின்னங்களின் உரிமையைப் பஹாமாஸில் பதிவான ஒரு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்.

1960 அக்டோபரில் 890ஆம் சட்டத்தின் கீழ் 382 நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. சாந்தியாகோ ஆலை, கிடங்குகள், பீப்பாய்களில் பக்குவமாகிக்கொண்டிருந்த ரம், 1927ல் தொடங்கிய ஹத்துவே பீர் ஆலை எல்லாம் அரசின் கைக்குப் போயின. அரசு அதே ஆலையில் பகார்டி என்ற பெயரிலேயே காய்ச்சி ஏற்றுமதி செய்ய முயன்றது. சரக்கு அசலானது, ஆலையும் அசலானது, ஆனால் வெளிநாட்டில் விற்க முடியவில்லை. ஒரு நாட்டில் பதிவான வணிகச்சின்னம் அந்தந்த நாட்டில் இருக்கும் தனிச் சொத்து. கியூபாவின் பறிமுதல் கியூபாவின் எல்லைக்குள் இருப்பதைத்தான் தொடும். அமெரிக்காவில் பதிவான பெயரை ஹவானாவிலிருந்து ஒரு ஆணையால் எடுக்க முடியாது. நாடு நாடாகப் போஷின் வழக்கறிஞர்கள் இதைச் சொல்லி ஜெயித்தார்கள். பின்னாளில் அந்தச் சாந்தியாகோ ஆலை கனேய் என்ற பெயரில் ரம் விற்றது.

போர்ட்டோ ரிக்கோவில் சான் ஹுவான் விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள கட்டானோவில் 1958லேயே பெரிய ஆலை எழுந்திருந்தது. மெக்சிகோவிலும் கிளை ஓடிக்கொண்டிருந்தது. ஈஸ்ட் இரண்டு இடத்திலும் வளர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் சந்தைக்குக் காமன்வெல்த் சலுகையோடு அனுப்பப் பஹாமாஸில் இன்னொரு ஆலை சேர்ந்தது. 1965ல் தலைமையகம் பெர்முடாவுக்குப் போனது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டியது ஆரெச்சபாலா குடும்பம். ஹோசே ஆரெச்சபாலா 1878ல் கார்தெனாஸ் நகரத்தில் தொடங்கிய ஆலை அவர்களுடையது. 1930களில் அறிமுகமான அவர்களுடைய ரம்மின் பெயர் ஹவானா கிளப். அவர்கள் ஆலையும் 1960ல் பறிபோனது. பகார்டிக்கு இருந்ததுபோல வெளியே ஓடும் ஆலைகள் அவர்களுக்கு இல்லை, வெறுங்கையோடு வெளியேறினார்கள். அமெரிக்கப் பதிவைப் புதுப்பிக்காமல் 1973ல் காலாவதியாக விட்டார்கள். 1976ல் கியூப அரசு நிறுவனம் ஒன்று அதே பெயரை அமெரிக்காவில் தன் பெயரில் பதிந்துகொண்டது. புதுப்பிப்புப் படிவம் ஒன்றை நிரப்பாததன் விலை அது.

வெளியிலிருந்து வந்த ஆபத்தைத் தாண்டிய குடும்பத்துக்கு உள்ளே வந்தது பங்குத் தகராறு. இதுவும் குடும்ப ஆலைகளுக்குப் பொதுவான நோய். ஒவ்வொரு தலைமுறையிலும் பங்குகள் பிரிந்துகொண்டே போகும். முதல் தலைமுறையில் பங்காளிகள் எல்லோரும் தினமும் ஆலைக்கு வருவார்கள். நாலாம் தலைமுறையில் நூற்றுக்கணக்கானோர் ஈவுத்தொகைக் காசோலை மூலம் மட்டும் ஆலையை அறிந்திருப்பார்கள். இவர்களுக்கு இன்றைக்குப் பணம் வேண்டும். பீப்பாயில் பன்னிரண்டு ஆண்டு கிடக்கும் ரம்முக்கோ பொறுமை வேண்டும். 1976ல் போஷ் பிணக்கில் விலகினார். குடும்பத்தில் சிலர் பங்குகளைக் கனடாவின் ஹைரம் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார்கள். நாட்டுக்கு ஒன்றாகச் சிதறியிருந்த பகார்டி நிறுவனங்களை 1990களின் தொடக்கத்தில் பெர்முடா நிறுவனத்தின் கீழ் ஒன்றாக்கிய பிறகே நிலைமை சீரானது. அடுத்தே 1993ல் மார்ட்டினி அண்ட் ரொஸ்ஸி, 1998ல் டூவர்ஸ் விஸ்கியும் பாம்பே சஃபையர் ஜின்னும், 2004ல் கிரே கூஸ், 2018ல் பாட்ரோன் டெக்கீலா என்று வாங்கிக் குவித்தார்கள். ரம் காய்ச்சும் வீடு என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் நூற்றுக்கணக்கான பங்காளிகளுக்கு ஒரே ஒரு சரக்கை நம்பிச் சோறு போட முடியாது என்பதும் நியாயம்.

ஹவானா கிளப் விஷயம் இன்னும் ஓயவில்லை. 1993ல் கியூப அரசு பிரான்சின் பெர்னோ ரிக்கார் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அந்த ரம்மை உலகெங்கும் கொண்டுபோனது. பகார்டி ஆரெச்சபாலா குடும்பத்திடமிருந்து அவர்கள் உரிமையையும் தயாரிப்பு முறையையும் வாங்கி, 1990களின் நடுவில் அமெரிக்காவில் அதே பெயரில் விற்க இறங்கியது. 1998ல் அமெரிக்கக் காங்கிரஸ் 211ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. இழப்பீடில்லாமல் பறிமுதலான தொழில்களின் பெயரை, பழைய உரிமையாளர் சம்மதிக்காமல் அமெரிக்காவில் காக்க முடியாது என்பது அதன் சாரம். உலக வர்த்தக அமைப்பு 2002ல் அதில் குறை கண்டது. 2016ல் கியூபத் தரப்பின் பதிவைப் புதுப்பிக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. 2024 டிசம்பரில் பறிமுதலான பெயர்களை அமெரிக்க வணிகச்சின்ன அலுவலகமே ஏற்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. ஆக இப்போதைக்கு, அமெரிக்கக் கடையில் ஹவானா கிளப் கேட்டால் கிடைப்பது போர்ட்டோ ரிக்கோவில் பகார்டி காய்ச்சியது. அமெரிக்காவுக்கு வெளியே அதே பெயரைக் கேட்டால் வருவது கியூபாவில் காய்ச்சியது.